இருநூற்று நாற்பது ரூபாய்க் காகிதம்

மூடியில் நாலு திருகு இருக்க வேண்டும்.
மூன்றுதான் இருந்தது.
நாலாவதின் துளையில் மாதேஸ்வரன்
எப்போதோ முறுக்கிவிட்ட கட்டுக்கம்பி.

உள்ளே மடிப்பு மடிப்பாய் ஒரு காகிதம்.
வெளிப்பக்கம் வெள்ளை பூத்திருந்தது:
செட்டிச்சாவடி வெள்ளைக்கல் லாரிகள்
பதினோரு மாதம் எனக்கு முன்னால் போனதன் கணக்கு.
நடுவில் ஓர் ஈசல் சிறகு.
மறுபக்கம் மட்டும்
வாங்கிய அன்றைக்கு இருந்த அதே மஞ்சள்.

"இன்னுமா பேப்பர் போட்டு ஓட்டறீங்க?
மூக்கப் பொத்திக்கிட்டு மல ஏறற மாதிரிக்கா அது.
வண்டி வாயத் தொறந்து மூச்சு உடட்டும்."
அஞ்சு ரோட்டுக் கடையில் எடுத்து வைத்திருந்தான்,
சிவப்பு வலைத்துணி, பளபளக்கும் வளையம்,
எண்ணெய் தடவிய கூம்பு.
கழுவலாம், காயவைக்கலாம், ஆயுசுக்கும் ஒன்று போதும்.
மூவாயிரத்து எண்ணூறு.
மெயின் ஜெட் மாற்ற அது தனி.

செவ்வாயும் வெள்ளியும் மேலே போய்
நாகலூர், வாழவந்தி, செம்மநத்தம் சுற்றி
ஐஸ் பெட்டியில் சளி டப்பாக்களோடு இறங்குகிறவள் நான்.
ஒவ்வொரு மூடியிலும் ஒரு பெயர், என் கையெழுத்தில்.
மூன்று மணிக்குள் சேலம் லேபில் சேர வேண்டும்.
வேகம் எனக்கு ஆடம்பரமில்லை
என்று கணவரிடம் சொன்னேன்.
பாதி பொய்.

பதினோராம் வளைவில் எப்போதும்
இரண்டாம் கியருக்கு இறங்கிக் கெஞ்சுகிற வண்டி
மூன்றிலேயே திரும்பியது.
அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம்,
நாற்பத்திரண்டு வயதில் எனக்குக் கிடைத்த புதுக் குரல் மாதிரி.
சுவரில் உட்கார்ந்திருந்த குரங்குகள்கூடக்
காலை மடக்கிக்கொண்டன.
இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால்
பட், பட், பட்.
அதுவும் பிடித்திருந்தது.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை
சுரங்கத்துக்கு எதிரே லாரி அச்சு முறிந்து நின்றது.
முக்கால் மணி நேரம் நகரவில்லை.
எல்லார் புருவமும் நரைத்துவிட்டது.
துப்பட்டாவை மூக்கில் இரண்டு சுற்றுச் சுற்றினேன்.
பெட்டிக்குள் நாகலூர்க் குழந்தையம்மாள்
மூடி இறுக்கி, பத்திரமாக.
எஞ்சின் அணைக்க மறந்து
ஓடிக்கொண்டிருந்தது.

ராத்திரி கூம்பைக் கழற்றி
அதற்குப் பின்னால் இருக்கும் ரப்பர் குழாயில்
விரலை விட்டுத் துடைத்தேன்.
விரல் நுனியில்
திருநீறு.

"எண்ணெ கம்மியாப் பூசியிருப்பீங்கக்கா."
இருக்கும்.
கூடினால் கார்புரேட்டருக்கு ஆகாது,
குறைந்தால் இப்படி.
ஞாயிற்றுக்கிழமை பக்கெட்டில் ஊறவைத்து
நிழலில் உலர்த்தி, மடிப்பு மடிப்பாய் எண்ணெய் விட்டு
ஒரு இரவு காத்திருக்கும் பொறுமை உள்ளவர்களுக்கு
அது நல்ல சாமான்தான். குறை சொல்லமாட்டேன்.
என் ஞாயிற்றுக்கிழமைகளில்
ரேஷன் இருக்கிறது, மாவு அரைப்பது இருக்கிறது,
சோர்ந்து படுப்பது இருக்கிறது.

ஜெட்டையும் பழையபடி மாற்றச் சொன்னேன்.
மாதேஸ்வரன் எதுவும் பேசவில்லை,
ஸ்பேனரைக் கொஞ்சம் சத்தமாக வைத்தான்.
பதினோராம் வளைவில் மறுபடி
இரண்டாம் கியர்.
குரங்குகள் காலை நீட்டிக்கொண்டன.

சிவப்புக் கூம்பு ஜன்னலில் இருக்கிறது.
ஐப்பசியில் மழை புழுதியை அமர்த்தியதும்
பெட்டி இல்லாத ஒரு நாளில்
குப்பனூர் வழியாகப் போகலாம் என்று
வைத்திருக்கிறேன். பார்ப்போம்.

நேற்று இந்தக் காகிதத்துக்கும் தவணை முடிந்தது.
தூக்கி எறியும் முன்
லேபில் எக்ஸ்ரேயைப் பிடிப்பது போல
வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
ஒரு மடிப்பிலும் வெளிச்சம் வரவில்லை.

புதியது இருநூற்று நாற்பது.
பில் வேண்டாம் என்று வெளியே வந்தவள்
திரும்பிப் போய் வாங்கிக்கொண்டேன்.
ஆபீசில் கேட்பார்கள்.